பரணில் கிடக்கும் ஆம்ப்ளிஃபயர்: பழுது பார்ப்பதும் மறுபடி பயன்படுத்துவதும்

போகிக்கு முந்தின வாரம் சேலத்தில் பரண்களைக் காலி செய்யும்போது பித்தளை அண்டா, உடைந்த தொட்டில், தையல் மெஷின் இவற்றோடு சில வீடுகளில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் கீழே இறங்கும். எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாரோ ஒரு மாமா தூக்கி வந்த சான்சூய், பயனியர், அகாயாக இருக்கலாம். நம் நாட்டிலேயே செய்த சோனோடைன், காஸ்மிக்காகவும் இருக்கலாம். ஏற்காட்டில் பழைய பங்களாக்கள் கைமாறும்போதும் இப்படிச் சில வெளியே வரும். “ஓடலை” என்ற ஒரே காரணத்துக்காக அது பழைய இரும்புக் கடைக்குப் போகும். உள்ளே இருக்கும் செம்புக்காக டிரான்ஸ்பார்மரை உடைத்து எடுப்பார்கள். அதே எடையில், அதே தரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றித் தரச் சொல்லி விலை கேட்டுப் பாருங்கள், எதைத் தூக்கிப் போட்டோம் என்று அப்போது தெரியும்.

மல்டிமீட்டர் கையில் இருக்கிறது, சால்டரிங் ராடு கொஞ்சம் பழக்கம், ஆனால் ஆம்ப்ளிஃபயர் மூடியை இதுவரை திறந்ததில்லை என்பவருக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். என் மேஜைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றுக்குப் பெரிய சேதம் பழுதான அன்று வரவில்லை. பல வருஷம் கழித்து எடுத்து, “ஓடுதான்னு பார்ப்போம்” என்று நேராக பிளக்கைச் செருகிய அந்த ஒரு நிமிஷத்தில்தான் வந்தது. ஷார்ட் ஆன ஒரு டிரான்சிஸ்டர் தன் ஜோடியை இழுத்துக்கொண்டு போகும், அது ரெசிஸ்டர்களைக் கருக்கும், ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் அதன் காயிலும் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரியும். அதனால் வேலையைச் செய்யும் வரிசைதான் முக்கியம். அந்த வரிசையிலேயே போவோம்.

செருகுவதற்கு முன்

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தவை 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்தக் கணமே டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஏற்றுமதிக்குச் செய்த பலவற்றில் பின்பக்கம் 110, 127, 220, 240 என்று மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் இருக்கும். 240 இருந்தால் அதில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் லைனில் லோடு குறைந்ததும் வோல்டேஜ் ஏறும் தெருக்கள் நம் ஊரில் நிறைய. தகட்டில் 100 என்று மட்டும் இருந்தால் தனியாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

அடுத்து மூடியைக் கழற்றி டிரான்ஸ்பார்மரை முகர்ந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாடை பல வருஷம் ஆனாலும் போகாது. வாடை இல்லை, மேலே சுற்றிய டேப் கருகவில்லை என்றால் பாதி நல்ல செய்தி. உள்ளே டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வுகள் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வால்வு செட்டில் 300, 400 வோல்ட் டிசி இருக்கும். அதைப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது.

சீரிஸ் போர்டு

வேறு எந்தக் கருவி வாங்காவிட்டாலும் இதை நீங்களே செய்துவிடுங்கள். ஒரு பலகை, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு த்ரீ பின் சாக்கெட், பிளக்கோடு ஒயர். பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் முதலில் ஹோல்டருக்குப் போக வேண்டும், ஹோல்டரின் மறுமுனையிலிருந்து சாக்கெட்டுக்கு. நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்கு. ஹோல்டரில் 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு, சிஎஃப்எல் இந்த வேலைக்கு உதவாது. இழை உள்ள பல்பாகவே இருக்க வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் வைத்திருப்பதில்லை, நான்கைந்து எலக்ட்ரிகல் கடைகளில் கேட்டால் கிடைத்துவிடும்.

இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை குறைவு, சூடானால் பல மடங்கு ஏறும். ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காக இருந்து கொஞ்சம் கரண்ட் மட்டும் எடுத்தால் பல்பு மங்கலாகவே இருந்து, கிட்டத்தட்ட முழு வோல்டேஜையும் உள்ளே விடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து கிட்டத்தட்ட முழு வோல்டேஜையும் தன் மேல் வாங்கிக்கொள்ளும். 60 வாட் பல்பு வழியாக எவ்வளவு முயன்றாலும் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் போகாது. அவ்வளவு கரண்டில் பெரும்பாலான பாகங்கள் தப்பிவிடும். ஆனால் இது பாகங்களைத்தான் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. பல்பு வழியாக வந்தாலும் 230 வோல்ட் ஷாக் ஷாக்தான். ரப்பர் செருப்பு, காய்ந்த தரை, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரம், மெயின்ஸ் பக்கம் அளக்கும்போது ஒரு கை மட்டும் என்ற பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய ஃபில்டர் கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலுக்கும் ஸ்லீவ் போட்ட ஒயர் பிடித்து, கண்டன்சரின் இரு முனைகளிலும் பத்து விநாடி வைத்தால் இறங்கிவிடும். மல்டிமீட்டரில் அளந்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்க விடுவது கண்டன்சருக்கும் கெடுதி, கண்ணுக்கும் கெடுதி.

சுத்தம் செய்யும்போதே பாதி தெரிந்துவிடும்

சேலத்திலிருந்து வருவதில் தூசி. ஏற்காட்டிலிருந்து வருவதில் பூஞ்சையும் துருவும். 1500 மீட்டர் உயரத்தில் மாதக்கணக்கில் மூட்டமும் ஈரமும் இருக்கும் இடத்தில் மூடிக் கிடந்த செட்டில் ஸ்விட்ச், வால்யூம், இன்புட் சாக்கெட் எல்லாம் கறுத்திருக்கும். இரண்டு ஊருக்கும் பொதுவானவை கரப்பானும் பல்லியும், எலி கடித்த ஒயரும்.

தொடுவதற்கு முன் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயரின் நிறமும் அது போகும் இடமும் தெரிய வேண்டும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, புளோயரால் ஊதி, ஒட்டிக்கொண்டிருப்பதை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம். மலையிலிருந்து வந்ததை இரண்டு நாள் காய்ந்த அறையில் மூடி இல்லாமல் வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குவது நல்லது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பானிய போர்டுகள் பலவற்றில் பெரிய கண்டன்சர்கள் ஆடாமல் இருக்க அடியில் ஒரு மஞ்சள் பசை போட்டிருப்பார்கள். வருஷங்கள் ஓட அது பழுப்பாகி, கறுத்து, தானே மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்தில் இருக்கும் கால்களையும் அரிக்கும். ஏற்காட்டுப் பங்களா ஒன்றிலிருந்து என்னிடம் வந்த செட்டில் ஒரு பக்கம் பாட்டே வரவில்லை. எல்லா டிரான்சிஸ்டரும் சரியாகவே அளவு காட்டின. கண்டன்சருக்கு அடியில் காபிக் கொட்டை நிறத்தில் பசை. அதைச் சுரண்டியபோது அதற்குள் புதைந்திருந்த ஒரு டையோடின் கால் பச்சை பூத்து, ஊசி பட்டதும் பொடிந்து விழுந்தது. சில ரூபாய் டையோடு ஒன்று போட்டதும் அந்தப் பக்கம் பாடியது. அதனால் கறுத்த பசை எங்கே இருந்தாலும், செட் ஓடினாலும் ஓடாவிட்டாலும், மரக்குச்சியால் முழுவதும் சுரண்டி எடுத்து, அடியில் இருந்த ஒவ்வொரு காலையும் பாருங்கள். உலோகக் கத்தியால் சுரண்டினால் போர்டின் தடம் கிழியும்.

மின்சாரம் இல்லாமல் செய்யும் சோதனை

முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் எப்படி எரிந்தது என்று பாருங்கள். இழை நடுவில் மெல்ல அறுந்திருந்தால் வயசாகியும் போயிருக்கலாம். கண்ணாடி முழுவதும் வெள்ளி பூசியதுபோல் கறுத்திருந்தால் உள்ளே கட்டாயம் ஷார்ட் இருக்கிறது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அந்த செட்டில் எதையும் நம்பாதீர்கள், ஒவ்வொரு பாகமாக அளந்தே ஆக வேண்டும்.

டிரான்ஸ்பார்மர்: பிளக்கின் இரண்டு பின்களுக்கும் நடுவே, பவர் ஸ்விட்ச் ஆன் நிலையில், ஓம் அளந்தால் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். ஃபியூஸ், ஸ்விட்ச் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். சில டிரான்ஸ்பார்மர்களில் மேல் டேப்புக்கு அடியில் சூட்டில் அறுந்துபோகும் ஒரு தெர்மல் ஃபியூஸ் ஒளிந்திருக்கும். அதே வெப்ப அளவுள்ள புதியதை மாற்றலாம், ஆனால் அது ஏன் அறுந்தது என்று தெரியாமல் மாற்றாதீர்கள். அந்த இரண்டு பின்களில் எதற்கும் செட்டின் உலோகப் பாடிக்கும் நடுவே அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது.

அடுத்து, ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் டையோடுகள். மீட்டரை டையோடு நிலையில் வைத்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறு பக்கம் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட்.

இனி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். பெரும்பாலும் பழுது இங்கேதான். ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகியிருக்கும் உலோக மூடி வகையில் மூடியே கலெக்டர், அடியில் இரண்டு பின்கள் பேஸும் எமிட்டரும். முதலில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரண்டு திசையிலும் அளங்கள். மீட்டர் பீப் என்று கத்தினால் அது போய்விட்டது. ஒன்று போயிருந்தால் அந்தப் பக்கத்து ஜோடியையும், அவற்றை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும், பக்கத்தில் வெள்ளைச் செங்கல் போலிருக்கும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் கட்டாயம் அளக்க வேண்டும். 0.22 அல்லது 0.33 ஓம் ரெசிஸ்டர்கள் அவை, சாதா மீட்டரில் கிட்டத்தட்ட ஷார்ட் போலத் தெரியும், அது சரிதான். ஓபன் காட்டினால் மாற்ற வேண்டும். போனதை மட்டும் மாற்றிவிட்டு ஆன் செய்தால், போன டிரைவர் புதிய டிரான்சிஸ்டரையும் கொன்றுவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதிகம் பணத்தை இழக்கும் இடம் இது.

பல்பு சொல்வதைக் கேளுங்கள்

ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, சீரிஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டன்சர்கள் நிறைந்ததும் மங்கி இழை சிவப்பாக நின்றால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே ஆஃப்.

எரிந்தால் எங்கே ஷார்ட் என்று பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரிட்ஜுக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, முனைகளை டேப் ஒட்டி மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் எரிந்தால் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. மங்கினால் டிரான்ஸ்பார்மர் நல்லது, மேலே போகலாம். பிரிட்ஜை மாட்டி, பவர் போர்டுகளுக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இப்போது எரிந்தால் பிரிட்ஜ் அல்லது ஃபில்டர் கண்டன்சர். மங்கினால் பழுது ஏதோ ஒரு சேனலில். இடது, வலது என்று ஒவ்வொன்றாக மாட்டினால் எந்தச் சேனல் என்று பல்பே காட்டிக் கொடுக்கும். இரண்டு சேனலும் ஒரே மாதிரி இருப்பது நமக்குப் பெரிய உதவி, நல்ல பக்கத்து வோல்டேஜை அளந்து கெட்ட பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பல்பு மங்கலாக நின்றால், ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் அளங்கள். 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கர் மாட்டலாம். 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முப்பது நாற்பது வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ அதை ஓட்டும் பகுதியோ இன்னும் பழுதாக இருக்கிறது. அதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் காயில் எரியும். புரொடெக்‌ஷன் ரிலே (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும் ஸ்விட்ச்) உள்ள செட்டில் ரிலேவுக்கு முன்னாலேயே அளக்க வேண்டும். டிசி இருந்தால் ரிலே “டக்” என்று விழாது, முனையில் பூஜ்யம்தான் காட்டும், அதை வைத்து எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

பாகம் வாங்குவது

சாதாரணப் பாகங்கள் சேலத்திலேயே கிடைக்கும், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி விசாரியுங்கள். கிடைக்காதது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கண்டன்சர் வாங்கும்போது “105 டிகிரி போட்டது கொடுங்கண்ணா” என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி போட்டது நம் சித்திரை வெயிலில் ஹீட் சிங்க் பக்கத்தில் சீக்கிரம் வற்றிவிடும். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் அதிகம். ஃபில்டர் கண்டன்சரில் 4700க்குப் பதில் 6800 போடலாம். 22,000 போட்டால் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் அடி வாங்கும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், போர்டில் குறி போட்டிருக்கிறதே என்று நம்பாமல் உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாக் கண்டன்சரையும் மொத்தமாக மாற்றும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. உப்பியது, கசிந்தது, அளவு இறங்கியது, ஃபில்டர் ஜோடி, இவற்றை மாற்றிக் கேட்டுவிட்டு மேலே யோசிக்கலாம். ஒரே நாளில் முப்பது இடத்தில் ஈயம் வைத்துவிட்டு செட் ஓடாவிட்டால் எங்கே தப்பு என்று தேடவே முடியாது.

டிரான்சிஸ்டரில் போலிகள் அதிகம். 2என்3055 என்பது 60களில் ஆர்சிஏ கொண்டுவந்தது, நம் ஊர் மைக் செட்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான நம்பர். அதன் கணக்கு 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். சப்ளை பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் உள்ள ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது இரண்டும் சேர்ந்த 70 வோல்ட், அதனால் அங்கே இதைப் போடக் கூடாது. “இதுவே போதும் தம்பி” என்று கடையில் சொன்னாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பழைய ஜப்பானிய நம்பர்கள் கிடைக்காதபோது அதே உலோக மூடி வகையில் எம்ஜே15003, எம்ஜே15004 ஜோடி நல்ல மாற்று: 140 வோல்ட், 20 ஆம்பியர். நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். எடை மிகக் குறைவாக, அச்சு மங்கலாக, விலை அதிசயமாக மலிவாக இருந்தால் போலி.

மாட்டும்போது டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்கிற்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் பழைய மைக்கா தகட்டை எறிந்துவிட்டுப் புது மைக்கா, இரு பக்கமும் மெல்லிய படலமாக தெர்மல் பேஸ்ட். அப்பிக்கொண்டு வழிந்தால் சூடு கடத்தாது. முறுக்கியதும் டிரான்சிஸ்டர் மூடிக்கும் ஹீட் சிங்க்கிற்கும் நடுவே அளந்து, தொடர்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு அளவை விட்டதால் புதுப் பாகம் ஆன் செய்த உடனே போன கதைகள் நிறைய.

பயாஸ், ரிலே, கரகரப்பு

பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட்தான் பயாஸ். அதைச் சரிசெய்யும் சின்ன பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) முப்பது, நாற்பது வருஷம் ஆனால் உள்ளே தொடர்பு விட்டுப் போகும். பல சர்க்யூட்களில் தொடர்பு விட்டால் பயாஸ் உச்சத்துக்குப் போய் டிரான்சிஸ்டர்கள் வெந்துவிடும். விலை சொற்பம், புதிது போட்டுவிடுங்கள், முதலில் பயாஸ் குறைவாக இருக்கும் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். பல்பில் எல்லாம் சரியாக இருந்த பிறகு நேரடி மின்சாரத்தில் போட்டு, கால் மணி நேரம் சூடாக விட்டு, எமிட்டர் ரெசிஸ்டர் மேல் டிசி மில்லிவோல்ட் அளங்கள். மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் பல செட்டுகளுக்கு சர்வீஸ் மேனுவல் கிடைக்கும், அதில் போட்டிருக்கும் அளவே கணக்கு. கிடைக்காவிட்டால் 0.22 ஓம் மேல் 5 மில்லிவோல்ட் வைத்தால் சுமார் 23 மில்லியாம்பியர், தொடங்க அது போதும். ஹீட் சிங்க்கில் வைத்த கையை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண முடிய வேண்டும்.

மெல்ல வைத்தால் ஒரு பக்கம் கேட்கவில்லை, சத்தம் கூட்டினால் வந்துவிடுகிறது என்றால் ரிலே பாயின்ட் கறுத்திருக்கிறது. மலையிலிருந்து வரும் செட்டில் இது சாதாரணம். ஐசோப்ரொபைலில் நனைத்த கெட்டியான காகிதத் துண்டைப் பாயின்ட்களுக்கு நடுவே வைத்து இழுங்கள். உப்புக் காகிதம் போட்டால் மேல் பூச்சு போய் ஆறே மாதத்தில் திரும்ப வரும். அதே காயில் வோல்டேஜ் உள்ள புது ரிலே போடுவது இன்னும் மேல்.

வால்யூம் திருகும்போது கரகரத்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைக் கால் பக்கத்து இடுக்கில் அடித்து, இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை நன்றாகத் திருப்பிவிடுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாரம் சரியாகும், அப்புறம் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னைவிட மோசமாகும்.

பழுது பார்க்க முடியாதபோது

எஸ்டிகே நம்பர் போட்ட பெரிய ஐசி உள்ள செட்டில் அது போய்விட்டால் என் கருத்து, பழுது பார்ப்பதை விட்டுவிடலாம். அசல் கிடைப்பது அரிது, சந்தையில் வருபவற்றில் போலி அதிகம். போர்டு எரிந்து ஓட்டை விழுந்ததும் அப்படித்தான். ஆனால் டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், பெட்டி, முன் பேனல், குமிழ்கள் இவை நன்றாக இருக்கும்வரை அது கழிவு இல்லை.

முதலில் பின்பக்கம் பாருங்கள். எழுபதுகளின் பல மாடல்களில் “பிரீ அவுட்”, “மெயின் இன்” என்ற சாக்கெட்டுகளை யூ வடிவக் கம்பி இணைத்திருக்கும். கம்பியை எடுத்தால் ஆம்ப்ளிஃபயர் இரண்டாகப் பிரிந்துவிடும். பவர் பகுதி மட்டும் போயிருந்தால் முன்பகுதியைத் தனியாக வைத்துக்கொண்டு, பிரீ அவுட்டிலிருந்து வேறு ஒரு சின்ன பவர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாம். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இது பொக்கிஷம், ரெக்கார்டு பிளேயரை இணைக்கும் அந்தக் காலத்து ஃபோனோ பகுதிகள் அவ்வளவு நன்றாக இருக்கும்.

பவர் பகுதியையே மாற்றுவதானால் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி ஏசி வோல்டேஜை அளந்து தொடங்க வேண்டும். கணக்கு எளிது: ஒரு பக்கத்து ஏசியை 1.414ஆல் பெருக்கி, பிரிட்ஜில் போகும் ஒரு வோல்ட் அளவைக் கழித்தால் டிசி. 18-0-18 (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 18 வோல்ட்) இருந்தால் பிளஸ், மைனஸ் 24 முதல் 25 வரை. 24-0-24 இருந்தால் 33. லைன் வோல்டேஜ் 250க்கு ஏறினால் அந்த 33 என்பது 36ஐத் தொடும், லோடு இல்லாதபோது இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு பக்கத்துப் பவர் பகுதி முழுவதும் ஒரே ஐசியில் அடங்கிய எல்எம்3886க்கும் டிடிஏ7294க்கும் இந்த அளவுகள் சரி, 8 ஓம் ஸ்பீக்கராக இருக்கட்டும். 30-0-30 இருந்தால் 42ஐத் தொடும், அது இந்த ஐசிகளுக்கு எல்லைக்கே போய்விடும், வேண்டாம். வீட்டுக்கு எல்எம்3886 போர்டு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, என்பதையே நான் சொல்வேன். சத்தம் சுத்தமாக இருக்கும், உள்ளேயே பாதுகாப்பு இருக்கிறது.

ஐசியின் பின்பக்க உலோகத்தைக் கவனியுங்கள். டிடிஏ7294இலும், எல்எம்3886இன் சாதா வகையிலும் அது மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா இல்லாமல் ஹீட் சிங்க்கில் திருகினால் ஹீட் சிங்க் முழுவதும் மைனஸ், அது பெட்டியைத் தொட்டால் ஷார்ட். திருகுக்கும் பிளாஸ்டிக் வாஷர் போட வேண்டும்.

ஒயர் போடும்போது கிரவுண்டுகள் எல்லாம் ஃபில்டர் கண்டன்சர்கள் சேரும் ஒரே புள்ளிக்கு வரட்டும்: டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர், இரண்டு போர்டுகள், ஸ்பீக்கர் மைனஸ். ஆளுக்கொரு இடத்தில் பெட்டியில் திருகினால் ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்ற உறுமல் நிற்காது. இன்புட் ஒயர் ஷீல்டு போட்டதாக, டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிப் போகட்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் பெட்டியின் உலோகத்தில் உறுதியாகத் திருகப்பட வேண்டும். மெயின்ஸ் ஃபியூஸை டிரான்ஸ்பார்மரின் வாட் பார்த்துப் போடுங்கள், 150 விஏ டிரான்ஸ்பார்மருக்கு 1 ஆம்பியர் ஸ்லோ புளோ சரியாக இருக்கும். யூபிசி1237 ஐசி வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். டிசி வந்தால் ரிலே ஸ்பீக்கரைக் கழற்றிவிடும், ஆன் செய்யும்போது வரும் “டப்” சத்தமும் போய்விடும்.

புளூடூத் போர்டு வைக்க எல்லோரும் ஆசைப்படுவார்கள், தாராளமாக வையுங்கள். ஆனால் ஆம்ப்ளிஃபயர் சப்ளையிலிருந்தே ரெகுலேட்டர் வைத்து 5 வோல்ட் எடுத்தால் பாட்டுக்குப் பின்னால் ஒரு கீச்சொலி ஓடிக்கொண்டே இருக்கும், கிரவுண்டு சுற்றி வருவதால் வரும் சத்தம் அது. பி0505எஸ் போன்ற பிரிக்கப்பட்ட 5 வோல்ட் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவே வைத்தால் நின்றுவிடும். டிவியில் ஆப்டிகல் அவுட் மட்டும் இருந்தால் அதை அனலாக் ஆக்கும் சின்னப் பெட்டி வாங்கி ஆக்ஸ் இன்புட்டில் கொடுங்கள். ஃபோனோ என்று எழுதிய சாக்கெட்டில் செல்போனையோ டிவியையோ செருகக் கூடாது. அது சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது, கிழிந்த சத்தம்தான் வரும்.

முன் பேனலில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். பழைய செலக்டர் குமிழிலேயே புளூடூத், ஆக்ஸ் என்று ஒயரைக் கொண்டுவரலாம். மீட்டர் முள் இருந்தால் அதன் பல்புக்குப் பதில் மஞ்சள் எல்இடி போடலாம்.

எங்கே வைப்பது

முதல் சில மணி நேரம் மதிப்பில்லாத பழைய ஸ்பீக்கரில் ஓட்டுங்கள். அப்புறம்தான் நல்ல பாக்ஸ். செட்டின் மேல் துணி போர்த்தாமல், மேலே ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் மதியம் மூடிய ஷோகேஸுக்குள் ஓட்டினால் ஹீட் சிங்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது. ஏற்காட்டில் வைப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும், குமிழ்களையும் ஒரு சுற்று திருப்பிவிடுங்கள். கோடை மழைக்கு இடி இடிக்கத் தொடங்கியதும் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுத்துவிட வேண்டும். கேபிள் டிவி ஒயரோ ஆன்டெனாவோ இணைந்திருந்தால் அதையும்.

மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு தாளில் எந்தப் பாகம் மாற்றினீர்கள், சப்ளை எத்தனை வோல்ட், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், பயாஸ் எத்தனை மில்லிவோல்ட் என்று தேதியோடு எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கழற்றிய பழைய போர்டையும் ஒரு கவரில் போட்டு ஸ்பீக்கர் பாக்ஸின் பின்னால் வைத்திருங்கள், வருஷம் கழித்து அசல் ஐசி கிடைத்தால் திரும்ப மாட்டலாம்.